கனமானதெல்லாம் பின்கட்டுக்கு

1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது டப்ளின் நகரின் ஹென்ரியெட்டா தெரு 14ஆம் எண் வீட்டில் 17 குடும்பங்கள் இருந்தன. தலைகளை எண்ணினால் நூறு. 1740களின் கடைசியில் ஒரே ஒரு பிரபு குடும்பத்தை மனத்தில் வைத்துக் கட்டிய வீடு அது. 1801இல் அயர்லாந்துக்கென்று தனி நாடாளுமன்றம் இல்லாமல் போனதும் பிரபுக்கள் லண்டனைப் பார்க்கக் கிளம்பினார்கள். அவர்கள் இடத்துக்கு வக்கீல்கள் வந்தார்கள், பிறகு ராணுவக்காரர்கள் வந்தார்கள், 1877க்குப் பிறகு ஒண்டுக்குடித்தனங்கள் வந்தன. விருந்துக்கும் நடனத்துக்கும் போட்ட மரத்தளத்தின்மேல் அடுப்பும் கட்டிலும் தண்ணீர் வாளியும் ஏறின. அந்த வீடு இன்றும் நிற்கிறது. 2018 முதல் அது அருங்காட்சியகம்.

இனி ஒரு கணக்கு. இதே வகை வீடொன்றை அலுவலகமாக மாற்றப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கட்டமைப்புப் பொறியாளர் விதிநூலைத் திறக்கிறார். குடியிருப்பு அறை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் பாரம் தாங்கவேண்டும். அலுவலகம் என்றால் 2.5, ஏறக்குறைய 250 கிலோ. வீட்டின் ஓர் அறை 30 சதுர மீட்டர் என்றால் மொத்தம் 7.5 டன். ஆளுக்கு 75 கிலோ போட்டால் சரியாக நூறு பேர். ஹென்ரியெட்டா தெரு வீட்டின் ஐந்து தளங்களிலும் பரவிக் கிடந்த மொத்த ஜனத்தையும் ஒரே அறைக்குள் நெருக்கியடித்து நிற்கவைத்தால் எவ்வளவோ, அவ்வளவு. அந்த அறைக்குள் உண்மையில் வரப்போவது ஆறு மேசை, ஆறு ஆள், நாலைந்து கணினி, ஓர் அலமாரி, ஒரு காபி இயந்திரம். எல்லாம் சேர்ந்தாலும் ஒன்றரை டன்னைத் தொடுவது கஷ்டம். அலுவலகங்களில் போய் எடைபோட்டுப் பார்த்த ஆய்வுகளும் சராசரிப் பாரம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோநியூட்டனுக்கும் கீழேதான் என்று காட்டியிருக்கின்றன.

ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டிஷ் கட்டட வாடகைத் தரகர்கள் 5 கிலோநியூட்டன் கேட்டார்கள். நாளை யாராவது இங்கே இரும்புப் பெட்டகம் கொண்டுவந்து வைத்தால் என்ன செய்வது என்பது அவர்கள் கவலை. அந்த ஓர் எண்ணுக்காக எத்தனையோ 18ஆம் நூற்றாண்டு மரத்தளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, முகப்பு மட்டும் மிஞ்ச, உள்ளே இரும்பும் கான்கிரீட்டும் புகுந்தன. 1990களில் இங்கிலாந்தின் பாரம்பரியக் காப்பு அமைப்பே தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டு, பழைய கட்டடங்களில் அலுவலகம் நடத்த 2.5 போதும் என்று எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது.

பழைய வீட்டைப் பலப்படுத்துவதற்கு முன்னால் அதனிடம் நாம் கேட்கும் எண்ணைச் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் என் கட்சி. எண் நியாயமானதுதான் என்று தெரிந்தால், அந்தப் பாரத்தை வீட்டின்மேல் ஏற்றாமல் பின்னால் கட்டும் புதிய பகுதிக்கு அனுப்ப முடியுமா என்று பார்க்கவேண்டும். கோயம்புத்தூரிலோ கும்பகோணத்திலோ நீளமான வீடு கட்டியவர்களுக்குப் பின்கட்டு என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. ஜார்ஜியன் வீட்டை அலுவலகமாக்குவதன் அறிவியலில் முக்கால் பங்கு, எது முன்கட்டில் இருக்கலாம், எது பின்கட்டுக்குப் போகவேண்டும் என்று பிரிப்பதில் இருக்கிறது.

1714இல் அரியணை ஏறிய முதலாம் ஜார்ஜ் தொடங்கி 1830இல் இறந்த நான்காம் ஜார்ஜ் வரை வரிசையாக நான்கு ஜார்ஜ்கள் ஆண்ட காலத்தைத்தான் ஜார்ஜியன் என்கிறார்கள். லண்டன், டப்ளின், எடின்பரோ, பாத் ஆகிய ஊர்களில் அப்போது எழுந்த நகர வீடுகளுக்கு ஒரே குடும்பச் சாயல். ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை, குறுகிய முகப்பு, நிலவறைக்கு மேல் மூன்று அல்லது நான்கு மாடி. முதல் மாடியில் ஆளுயரத்தைத் தாண்டும் ஜன்னல்கள். மேலே போகப்போக அவை குட்டையாகிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், அதற்குள் புகைபோக்கிகள். சுவருக்குச் சுவர் மர உத்திரங்கள், அவற்றின்மேல் பலகை. கீழ்ப்பக்கம் மெல்லிய மரச் சிம்புகளை வரிசையாக அடித்து, அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூசிய உட்கூரை. பைன் மரம் பெரும்பாலும் பால்டிக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்தது. மெதுவாக வளர்ந்த மரம், நெருக்கமான வளையங்கள். இன்று கடையில் கிடைக்கும் பைனைவிட அது பல இடங்களில் தரமானது என்பதைப் பழுதுபார்ப்பவர்கள் ரம்பத்தை வைத்ததுமே உணர்ந்துகொள்வார்கள்.

இந்த உத்திரங்களில்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. மர ஸ்கேல் ஒன்றை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலமாகப் படுக்கவைத்து விரலால் அழுத்தினால் வளையும். அதையே விளிம்பில் நிமிர்த்தி நிறுத்தி அழுத்தினால் அசையாது. மரம் அதேதான், அகலமும் உயரமும் இடம் மாறியிருக்கின்றன. ஓர் உத்திரத்தின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும் உயரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. இதே விதியைத் திருப்பிப் போட்டால் பயம் வரும். 225 மில்லிமீட்டர் உயர உத்திரத்தின் மேல்விளிம்பில், வெந்நீர்க் குழாய் போக, 50 மில்லிமீட்டர் பள்ளம் வெட்டுகிறார் ஒரு குழாய்க்காரர். மிச்சம் 175. அந்த வெட்டுவாயில் விறைப்பு பழையதில் 47 சதவீதமாக இறங்கிவிடுகிறது, முறிவைத் தாங்கும் வலு 60 சதவீதமாக.

அதே ஆள் அதே 50 மில்லிமீட்டரை உத்திரத்தின் நடு உயரத்தில் துளையாகப் போட்டிருந்தால்? இழப்பு ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வளையும் உத்திரத்தின் மேற்பகுதி நசுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. இரண்டுக்கும் நடுவே நசுங்காமலும் இழுபடாமலும் ஒரு கோடு ஓடுகிறது. அதற்கு நடுநிலை அச்சு என்று பெயர். அங்கே இருக்கும் மரத்துக்கு வளைவைப் பொறுத்தவரை வேலையே இல்லை. வேலையில்லாத மரத்தை எடுத்தால் நஷ்டமில்லை. ஆனால் பலகையைத் தூக்கிவிட்டு மேலிருந்து ரம்பம் போடுவது சுலபம். உத்திரங்களுக்கு நடுவே குனிந்து பக்கவாட்டில் துளைபோடுவது சிரமம். ஆகவே இருநூறு வருடமாகப் பள்ளங்கள்தான் வெட்டப்பட்டு வந்திருக்கின்றன. வேலைக்காரரை அழைக்கும் மணிக்கம்பிக்கு ஒன்று, எரிவாயுக் குழாய்க்கு ஒன்று, மின்கம்பிக்கு ஒன்று, சூடேற்றும் குழாய்க்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று. தளப்பலகையைத் திறந்ததும் ஒரு நல்ல பொறியாளர் முதலில் எண்ணுவது உத்திரங்களை அல்ல, இந்த வெட்டுகளை.

வெட்டுப்பட்ட உத்திரத்தை எடுத்தெறிய வேண்டியதில்லை. பக்கத்தில் புதிய மரத்தைச் சேர்த்துப் போல்ட் போடலாம், அல்லது நடுவே இரும்புத் தகட்டைச் செருகலாம். எல்லாமே மேலிருந்துதான் செய்யப்பட வேண்டும், ஏனென்றால் கீழே உட்கூரை இருக்கிறது. டப்ளின் வீடுகளில் அந்த உட்கூரையை லேசில் தொடமுடியாது. லாஃப்ரான்கினி சகோதரர்கள், ராபர்ட் வெஸ்ட், மைக்கேல் ஸ்டேப்பிள்டன் போன்ற சுதைக் கலைஞர்கள் பறவையும் கொடியும் பூமாலையுமாக வடித்துத் தொங்கவிட்ட காரை அது. உத்திரம் முறியாமல் வளைந்தாலே காரை விரிசல் விடும். அதனால் பூச்சுள்ள தளம் நடமாட்டப் பாரத்தில் அதன் நீளத்தில் 360இல் ஒரு பங்குக்குமேல் தொய்யக்கூடாது என்று ஒரு பழைய வழக்கம். 5 மீட்டர் நீளத்துக்கு 14 மில்லிமீட்டர். பல சமயம் தளத்தின் எல்லையை வகுப்பது மரத்தின் வலுவல்ல, காரையின் பொறுமை.

தளம் அதிர்வதும் ஒரு பிரச்சினை. மனிதர் நடக்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ 2 அடி விழும். அதன் மடங்குகளான 4, 6 என்ற அதிர்வெண்களோடு தளத்தின் இயல்பான அதிர்வெண் ஒத்துப்போனால் காலடியில் தளம் துள்ளும். 8 ஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோய்விட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். வீட்டில் சகித்துக்கொண்ட துள்ளல், பக்கத்து ஆள் எழுந்து போகும்போதெல்லாம் கணினித் திரை ஆடும் அலுவலகத்தில் புகாராகிவிடும். உத்திரங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைகளை இறுக்கமாகப் பொருத்தினாலே பாதி சரியாகும்; மலிவான வைத்தியம்.

மறைந்திருக்கும் ஆபத்து ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. இந்த வீடுகளின் மரத் தடுப்புச்சுவர்களைப் பார்த்தால் எடுத்துவிட்டு இரண்டு அறைகளை ஒன்றாக்கலாமே என்று தோன்றும். திறந்தவெளி அலுவலகம் கேட்பவர்களுக்கு அது முதல் ஆசை. ஆனால் பூச்சுக்கு உள்ளே சாய்ந்த சட்டங்கள் ஓடக்கூடும். அது வெறும் தடுப்பாக இல்லாமல், பாலத்தின் பக்கச்சட்டம் போல அமைந்து, மேல்தளத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும் சில சமயம் கீழ்த்தளத்தைத் தொங்கவிட்டுக்கொண்டும் இருக்கும். அதில் புதுக் கதவுக்கு வழி வெட்டி, சாய்சட்டத்தை அறுத்தவர்கள் உண்டு. வீடு உடனே விழாது. மரம் பல வருடமெடுத்து மெல்லத் தொய்ந்துகொடுக்கும், மேலே கதவுகள் நிலையில் மாட்டிக்கொள்ளும், யாருக்கும் காரணம் புரியாது.

இப்படிச் சொல்லும்போது இந்த வீடுகள் அசைக்கமுடியாதவை என்ற நினைப்பும் வரக்கூடாது. 1913 செப்டம்பர் 2ஆம் தேதி டப்ளின் சர்ச் தெருவில் இரண்டு ஒண்டுக்குடித்தன வீடுகள் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். செங்கலும் மரமும் கொண்ட வீடு பாரத்தைத் தாங்கும், நனைந்தால் தாங்காது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கண்ணில் படாத ஓரிடத்திலிருந்து. கூரையின் விளிம்பு தெருவுக்குத் தெரியாமல் முகப்புச் சுவரைக் கைப்பிடிச்சுவராக உயர்த்திக் கட்டுவது ஜார்ஜியன் வழக்கம். லண்டனில் 1707இல் வந்த சட்டம், தீ பரவும் என்று மரத்தாலான கூரை விளிம்புகளைத் தடைசெய்தபின் அது பரவியது. அந்தக் கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் ஈயத்தகடு விரித்த வாய்க்கால் ஓடுகிறது. அதில் ஒரு புறா கூடு கட்டினாலோ ஈயம் வெடித்தாலோ மழைநீர் நேராகச் சுவருக்குள், உத்திரத்தின் தலை செருகியிருக்கும் இடத்துக்கே இறங்கும். சுவர் கட்டும்போதே செங்கல் வரிசைகளுக்கு நடுவே நீளவாக்கில் இணைப்பு மரங்களைப் பதித்தும் வைத்திருப்பார்கள். அவையும் நனைந்து அழுகினால் சுவருக்குள் வெற்றிடம் விழும்.

முகப்பிலும் ஒரு தந்திரம் உண்டு. நல்ல செங்கல் விலை அதிகம். வெளிப்பார்வைக்கு நீளச்செங்கல், தலைச்செங்கல் என்று மாறிமாறி அழகாகத் தெரியும்; ஆனால் தலைச்செங்கல்கள் பல, பாதியாக உடைத்து ஒட்டியவை. அதனால் வெளித்தோலுக்கும் உள்சுவருக்கும் பிடிப்பு குறைவு, காலப்போக்கில் தோல் மட்டும் வெளியே உப்பும். துருப்பிடிக்காத எஃகில் முறுக்கிய மெல்லிய கம்பிகளைத் துளையிட்டுச் செலுத்தி இரண்டையும் தைப்பது இன்றைய வைத்தியம். கட்டியவர்கள் ஊக வணிகர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. நம் ஊர் அடுக்குமாடி விற்பவர்களுக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் அல்ல.

நனைந்த சுவர் உலரவேண்டும். இங்கேதான் சுண்ணாம்பின் வேதியியல் வருகிறது. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 100 கிலோ கல்லில் 44 கிலோ காற்றோடு போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்து மாவாகிறது. மணலோடு குழைத்துச் சாந்தாக்கிச் சுவரில் வைத்தால், விட்டுப்போன கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. அதே காலத்தில் சென்னையில் வெள்ளைக்காரர்கள் கட்டிய மாளிகைகளில் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு இதே சுழற்சியைத்தான் செய்தது. இப்படி உருவான சாந்து செங்கல்லைவிட மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. சுவர் சற்று அசைந்தால் விரிசல் சாந்தில் விழும், செங்கல் தப்பிக்கும். சுவரில் ஏறிய ஈரம் சாந்தின் வழியாகவே ஆவியாகி வெளியேறும்.

20ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தவர்கள் செங்கல்களுக்கு நடுவே சாந்து இருந்த இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தார்கள். வலுவானதுதானே நல்லது என்ற எண்ணம். சிமெண்ட் ஈரத்தை எளிதில் விடாது. ஆகவே ஈரம் செங்கல் வழியே வெளியேறுகிறது. கொண்டுவந்த உப்பு செங்கலின் தோலுக்குக் கீழே படிகமாகி அதை உதிர்க்கிறது. குளிர்காலத்தில் உள்ளே நின்ற நீர் உறைந்து 9 சதவீதம் பெருகி மிச்சத்தை உடைக்கிறது. சிமெண்ட் மட்டும் சட்டம்போல் நிற்க, நடுவே செங்கல் கரைந்துபோன முகப்புகள் உண்டு. இப்போது புனரமைப்பில் முதல் வேலைகளில் ஒன்று அந்தச் சிமெண்டைக் கையுளியால் பொறுமையாக எடுப்பது. இயந்திர ரம்பம் வைத்தால் வேகம்தான், செங்கலின் விளிம்பும் போய்விடும். டப்ளினில் அதன்பிறகு மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டை முதலில் நிறுத்தி, இரு பக்கமும் செங்கல் நிறச் சாந்தால் நிரப்பும் ஓர் உள்ளூர் முறை இருக்கிறது. ‘விக்கிங்’ என்கிறார்கள். லண்டன் கொத்தனார்களின் முறை வேறு; இதை அயர்லாந்துக் கொத்தனார்கள் தங்கள் பெருமையாகக் காப்பாற்றுகிறார்கள்.

ஈரத்தைச் சிறைவைத்தால் வரும் விருந்தாளியின் பெயர் செர்புலா லாக்ரிமன்ஸ். மரத்தைப் பழுப்பாகச் சதுரம் சதுரமாக வெடிக்கவைத்துத் தூளாக்கும் பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய, காற்றோட்டமில்லாத மூலையில் அது வேர்பிடிக்கும். பிறகு நரம்பு போன்ற இழைகளைச் செங்கற்சுவர் வழியாகவே மீட்டர் கணக்கில் அனுப்பி அடுத்த மரத்தைத் தேடும். வளரும்போது அது ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கிறது. மிஞ்சினால் அந்த அமிலம் அதற்கே ஆகாது. சுண்ணாம்புச் சாந்திலுள்ள கால்சியம் அதைக் கட்டிப்போடுவதால்தான் சுண்ணாம்பும் மரமும் அருகருகே உள்ள பழைய வீடுகள் அதற்குப் பிடித்துப்போயின என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐரோப்பிய வீடுகளின் பரம எதிரியான இது இயற்கையில் காட்டுமரத்தில் வளர்வதைப் பார்க்க இமயமலை போன்ற சில இடங்களுக்குத்தான் போகவேண்டும். முன்பெல்லாம் கண்ட இடத்தில் ஒரு மீட்டர் சுற்றுக்கு எல்லாவற்றையும் வெட்டியெறிந்து நஞ்சு தெளித்தார்கள். இப்போது முதலில் வாய்க்காலைச் சரிசெய்கிறார்கள். மரம் 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்தால் பூஞ்சைக்குச் சாப்பாடு இல்லை.

இதே காரணத்தால்தான் வெப்பக்காப்பு விஷயத்தில் அவசரப்படக்கூடாது. அலுவலகம் கதகதப்பாக இருக்கவேண்டும். உள்சுவரில் பிளாஸ்டிக் நுரைப்பலகையை ஒட்டினால் மின்கட்டணம் குறையும். ஆனால் சுவருக்கு இதுவரை உள்ளிருந்து கிடைத்த சூடு நின்றுபோகிறது. சுவர் குளிர்ந்து, உத்திரத்தின் தலை அந்தக் குளிர்ச்சுவருக்குள் மாட்டிக்கொள்ள, உள்ளறைக் காற்றின் ஈரம் அங்கே போய்த் துளியாகும். அடுத்து யார் வருவார் என்று தெரியும். சுண்ணாம்புப் பூச்சோடு சேரும் மரநார்ப் பலகையை மெல்லிய அளவில் போடுவது, கூரையடியில் தாராளமாகப் போடுவது, இடுக்குக் காற்றை அடைப்பது என்று நடுவழியில் போவதே நல்லது.

ஜன்னலுக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மேலும் கீழும் சறுக்கும் அந்த ஜன்னல்களின் பக்கப்பெட்டிக்குள் கயிறும் கப்பியும் எதிர்எடையும் இருக்கின்றன. எடை சமனாக இருப்பதால் ஒரு விரலால் தூக்கலாம். கண்ணாடி ஊதிச் சுழற்றித் தட்டாக்கிய பழைய வகை. லேசான அலை இருப்பதால் தெருவின் பிம்பம் அதில் நெளியும். அதைக் கழற்றி இரட்டைக் கண்ணாடி போட்டால் எடை கூடும், எதிர்எடை மாறவேண்டும், 15 மில்லிமீட்டர் அளவுக்கு ஒல்லியான சட்டம் தடிக்கவேண்டும், முகப்பின் முகமே மாறிவிடும். ஸ்காட்லாந்தின் பாரம்பரிய அமைப்புக்காகக் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் 2008இல் இதை ஆய்வுக்கூடத்தில் அளந்தது. கனமான திரைச்சீலை ஜன்னல்வழி வெப்ப இழப்பை 14 சதவீதம் குறைத்தது. ஜன்னலோடு பிறந்த உள்மரக்கதவைச் சாத்தினால் 51 சதவீதம். பழைய ஜன்னலைத் தொடாமல் உள்பக்கம் தனியாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் வைத்தால் 63 சதவீதம். பல வீடுகளில் அந்த மரக்கதவுகள் பெயிண்ட் அடித்து ஒட்டிப்போய்ப் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பது தச்சருக்குச் சில நாள் வேலை.

மின்கம்பியும் இணையக் கம்பியும் காற்றும் எந்த வழியாகப் போவது? எனக்கு மிகவும் பிடித்த விடை, புகைபோக்கி. ஒவ்வொரு கணப்புக்கும் தனித்தனிப் புகைக்குழாய், பெரும்பாலும் ஒன்பது அங்குலத்துக்குப் பதினாலு அங்குலம், பொதுச்சுவருக்குள் கணப்பிலிருந்து கூரை வரை ஓடுகிறது. கரி எரிப்பது நின்றபின் சும்மா கிடக்கும் அந்த வழியில் கம்பிகளை ஏற்றினால் ஓர் உத்திரத்தையும் வெட்டவேண்டாம். கம்பி ஏற்றாத குழாயைத் திறந்தே வைத்தால் செலவில்லாத காற்றோட்டம்.

இவ்வளவு செய்தும் முன்கட்டுக்குள் அடங்காதவை சில உண்டு: மின்தூக்கி, கழிப்பறைகள், இரண்டாவது தீவழிப் படிக்கட்டு, காகிதக் கிடங்கு, பெரிய கூட்ட அறை, குளிரூட்டும் இயந்திரங்கள். ஒன்று கனம், அல்லது ஈரம், அல்லது சுவரில் பெரிய ஓட்டை கேட்பது. இவற்றைத்தான் பின்கட்டுக்கு அனுப்பவேண்டும். டப்ளின் வீடுகளுக்குப் பின்னால் நீளமான தோட்டமும் அதன் கடைசியில் குதிரைலாயச் சந்தும் இருப்பதால் இடமும் தோதாக அமைகிறது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் அதே ஊரின் மெரியன் சதுக்கம் 45ஆம் எண். 1790களில் கஸ்டவஸ் ஹியூம் என்ற வீடு கட்டி விற்பவர் எழுப்பியது. சதுக்கத்தின் வரிசை வீடுகளிலேயே பெரியது. இப்போது அயர்லாந்துக் கட்டடக்கலை ஆவணக்காப்பகம் அங்கே இயங்குகிறது. அரசின் பொதுப்பணி அலுவலகம் வீட்டைப் புனரமைத்து, ஆவணக் கிடங்குகளைப் பின்புறத்தில் புதிதாகக் கட்டியது. ஏன் பின்புறம் என்பதைப் பாரக்கணக்கு சொல்லிவிடும். தண்டவாளத்தில் நகரும் நெருக்கமான புத்தக அடுக்குகளுக்குப் பிரிட்டிஷ் விதிகள் அடுக்கின் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 4.8 கிலோநியூட்டன் கேட்கின்றன. இரண்டரை மீட்டர் அடுக்கென்றால் 12 கிலோநியூட்டன், சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கும் மேல். எந்த 18ஆம் நூற்றாண்டு உத்திரமும் இதற்குச் சம்மதிக்காது. வாசிப்பவர்களுக்கும் கண்காட்சிக்கும் சுதைவேலை செய்த முன்அறைகள், வரைபடக் கட்டுகளுக்குக் கான்கிரீட் பின்கட்டு.

புதியது பழையதைப்போல வேஷம் போடவேண்டுமா? 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இதில் தெளிவாக இருக்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நிற்கவேண்டும். புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்திருக்கவேண்டும், ஆனால் எது புதிது என்று தெரியவும் வேண்டும். டப்ளினுக்கு இந்தப் பாடம் சுலபத்தில் கிடைக்கவில்லை. 1927இல் தொடங்கிய அயர்லாந்து மின்சார வாரியம் கீழ் ஃபிட்ஸ்வில்லியம் தெருவின் ஜார்ஜியன் வீடுகளில்தான் அலுவலகம் நடத்தியது. இடம் போதவில்லை என்று 1960களில் 16 வீடுகளை இடிக்க முடிவுசெய்தது. ஜார்ஜியன் லண்டனைப் பற்றி எழுதிப் பேர்பெற்ற ஜான் சம்மர்சனே, வாரியத்துக்கு ஆலோசனை சொல்ல வந்து, அந்த வரிசையில் காப்பாற்றத்தக்க கட்டடக்கலை ஏதுமில்லை என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னார். தனித்தனி வீடாகப் பார்த்தால் அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். தெரு முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து செய்த வேலையை அவர் எடைபோடவில்லை என்பதுதான் என் வாதம். புதிய நகரத் திட்டச் சட்டம் நடைமுறைக்கு வரும் தறுவாயில், 1964இல், அனுமதி கிடைத்தது. மறுவருடம் வீடுகள் போயின. ஸ்டீவன்சனும் கிப்னியும் வடிவமைத்த தலைமையகம் 1970இல் திறந்தது. அரை நூற்றாண்டு முடியுமுன் அதுவும் இடிக்கப்பட்டு, கிராஃப்டன் நிறுவனமும் ஓமஹோனி பைக் நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்த செங்கல் முகப்புக் கட்டடம் இப்போது அங்கே நிற்கிறது. இடிந்த 16 முகப்புகளையும் அச்சு அசலாகத் திரும்பக் கட்டவேண்டும் என்று ஒரு கட்சி வாதாடிப் பார்த்தது. நல்லவேளை, தோற்றது. ஜன்னல்களின் நெடுக்குவாக்கான தாளமும் செங்கலின் நிறமும் தெருவோடு சேர்கின்றன, ஆனால் யாரும் அதை 1790 என்று நினைத்து ஏமாறமாட்டார்கள்.

பழையதும் புதியதும் தொடும் இடத்தில் மண்ணின் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. பழைய வீட்டின் அடித்தளம் நிலவறைத் தரைக்குக் கீழே அரை மீட்டர்கூட இறங்காமல், படிப்படியாக அகலும் செங்கல் வரிசைகளாக இருக்கலாம். அது இறங்கவேண்டியதெல்லாம் 18ஆம் நூற்றாண்டிலேயே இறங்கி முடிந்தது. பின்கட்டு இப்போதுதான் இறங்கத் தொடங்கும். இரண்டையும் கம்பி போட்டுப் பிணைத்தால், புதியது இறங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பழைய சுவரை இழுக்கும். மின்தூக்கிக்காகத் தோண்டும் குழி பழைய அடித்தளத்தைவிட ஆழமானால் ஆபத்து இரட்டிப்பு. அதைச் சுவரிலிருந்து தள்ளித் தோண்டவேண்டும், அல்லது ஒரு மீட்டர் ஒரு மீட்டராக மாற்றிமாற்றி அடித்தளத்துக்குக் கீழே முட்டுக்கொடுத்துக்கொண்டே போகவேண்டும்.

அதனால்தான் நல்ல வடிவமைப்புகளில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடி நடைவழி ஒன்று வருகிறது. பார்வைக்கு அது பழையதையும் புதியதையும் பிரித்துக் காட்டும் நாகரிகம். பொறியாளருக்கு அது அசைவு இடைவெளி: நடைவழியின் பாரம் முழுவதும் புதிய பக்கத்தில், பழைய சுவரைத் தொடுவது நெகிழும் ரப்பர் பட்டை மட்டும். மழைநீரும் புதிய பக்கமாகவே வழியும்படி கூரை சாய்ந்திருக்கவேண்டும். முதல் மாடியின் உயரம் பழையதில் 4 மீட்டரை நெருங்க, புதியதில் 3 போதும் என்றிருப்பதால் தளங்கள் நேருக்குநேர் சந்திக்காது. அந்த வித்தியாசத்தையும் நடைவழிக்குள் நாலு படியாகவோ சாய்தளமாகவோ தீர்த்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் வருபவரை நினைத்தால் சாய்தளம்தான் சரி. கட்டி முடித்தபின் விரிசல் அளவிகளை ஒட்டி, நான்கு பருவமும் ஒரு சுற்று வரும்வரை எண்களைக் குறித்துவிட்டு, எண் நகராமல் நின்றபிறகே அந்த இணைப்பின் கடைசிப் பூச்சைப் பூசவேண்டும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்ட வாடகைதாரர் முகத்தைச் சுளிப்பார். சுளித்துக்கொள்ளட்டும், அதுவரை அங்கே ஒரு பலகையால் மூடி வைத்தால் போதும்.